சோறு கொண்டுபோன சிறுத்தைகள்: ஊனமுற்ற மாணவர் உரிமையின் வரலாற்றிலிருந்து

கல்லூரி அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழுகிற சொல் 'சலுகை'. எஸ்.சி. மாணவனுக்கு உதவித்தொகை வந்தால் சலுகை. பார்வையில்லாத மாணவி தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கேட்டால் அதுவும் சலுகை. சலுகை என்றால் கொடுக்கிறவன் இஷ்டம். இன்றைக்குக் கொடுப்பான், நாளைக்குப் பிடுங்கிக்குவான். வாங்குறவன் கும்பிட்டு வாங்கிக்கணும். உரிமை என்று சொல்லிவிட்டால் கணக்கு மாறிப்போகும். அப்போது பதில் சொல்ல வேண்டியவன் தராதவன்.

இரண்டு பேரையும் பார்த்து ஒரே வாய்தான் இந்தச் சொல்லைச் சொல்கிறது. ஆனால் எதிர்த்துப் பேச வேண்டிய நாம் இரண்டையும் தனித்தனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தலித் மாணவர் சிக்கல் அரசியல்; ஊனமுற்ற மாணவர் சிக்கல் மருத்துவம், தொண்டு, யாரோ நல்ல மனசுக்காரர்கள் மூன்று சக்கர வண்டி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற சமாச்சாரம். இந்தப் பிரிவினை எவ்வளவு பொய்யானது என்பதை ஒரு வரலாற்றை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அது அமெரிக்காவில் நடந்தது. ஆனால் அதில் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது.

அதற்கு முன்னால் சொல் பற்றி ஒரு சொல். 2010-இல் தமிழக அரசு தனித்துறை அமைத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரை விரும்பி ஏற்றவர்கள் உண்டு. அது அவர்கள் முடிவு. நான் இங்கே 'ஊனமுற்றோர்' என்றே எழுதுகிறேன். பெயரை அழகாக்குகிற விளையாட்டு நமக்குப் பழசு. 1930களில் காந்தி நமக்கு 'அரிசன்' என்று பேர் வைத்தார். கடவுளின் பிள்ளை ஆன பிறகும் டீக்கடையில் தனிக் குவளைதான் வந்தது. 'தலித்' என்ற சொல்லை நாமே எடுத்துக்கொண்டோம். நொறுக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். நொறுக்கியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஊனமுற்றோர்' என்பதையும் அப்படியே வாசிக்கலாம். காலில்லாதவரை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது அவர் காலா, கட்டடத்தின் படிக்கட்டா?

1962

1962-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் மெரிடித், கறுப்பர். அக்டோபர் 1 அன்று மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரைச் சேர்க்கக் கூடாது என்று வெள்ளைக்காரக் கூட்டம் கலவரம் செய்தது. மத்திய அரசின் காவலர்களும் ராணுவமும் வந்துதான் அவரால் உள்ளே போக முடிந்தது. இன்னொருவர் எட் ராபர்ட்ஸ், வெள்ளையர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். அங்கே கலவரம் நடக்கவில்லை. ஆனால் அவரை உள்ளே விடவும் பல்கலைக்கழகத்துக்கு மனம் இல்லை.

ராபர்ட்ஸுக்கு 1953-இல், 14 வயதில், இளம்பிள்ளை வாதம் வந்தது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாது. மூச்சு விடுவதற்கே 'இரும்பு நுரையீரல்' என்கிற உருளை எந்திரத்துக்குள் படுத்திருக்க வேண்டும். அவர் படித்த பள்ளி சான்றிதழ் தர மறுத்தது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லையாம். அவருடைய அம்மா சோனா ராபர்ட்ஸ் கல்வி வாரியம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுச் சான்றிதழ் வாங்கினார். கலிபோர்னியா மாநிலத்தின் மறுவாழ்வுத் துறை அவருக்குப் படிப்புதவி தர மறுத்தது. இவ்வளவு கடுமையாக ஊனமுற்றவர் எங்கே வேலைக்குப் போகப்போகிறார், செலவு வீண் என்றது. அதே துறைக்கு 1975-இல் அவரே இயக்குநராக நியமிக்கப்பட்டார் என்பது பிற்கதை.

பெர்க்லியில், முன்பே இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தோம், சரிப்படவில்லை என்கிற மாதிரி பேசினார்கள். 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள எந்திரத்தை மாணவர் விடுதியில் வைக்க முடியாது என்பதால் வளாகத்திலிருந்த கோவெல் மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். படிக்க வந்தவன் நோயாளியாக வைக்கப்பட்டான். சேரியை ஊருக்கு வெளியே வைக்கிற புத்திதான் இது. உள்ளே விட்ட மாதிரியும் இருக்கணும், நம்ம கூடப் புழங்காத மாதிரியும் இருக்கணும்.

ஆனால் ஒதுக்கி வைத்த இடத்திலேயே ஆட்கள் சேர்ந்தார்கள். 1963-இல் ஜான் ஹெஸ்லர் என்பவர் வந்தார். 1960களின் கடைசியில் ஒரு டஜன் பேர்வரை ஆனார்கள். ராத்திரியெல்லாம் பேசினார்கள். தங்களுக்கு 'ரோலிங் குவாட்ஸ்' என்று கிண்டலாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். கை கால் நான்கும் முடங்கி, சக்கரத்தில் உருண்டு திரிகிறவர்கள் என்று அர்த்தம். கறுப்பின மாணவர்களின் போராட்டமும் வியட்நாம் போர் எதிர்ப்பும் அந்த வளாகத்தைக் குலுக்கிக்கொண்டிருந்த நேரம். அதைப் பார்த்துக்கொண்டே இவர்களும் தங்கள் கேள்வியைக் கூர்தீட்டினார்கள்.

கறுப்பு மாணவர்களுக்காக வந்த திட்டம்

வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் இந்த இடம் அவசரமாகக் கடந்து போய்விடும். ராபர்ட்ஸ் பெர்க்லிக்கு வருமுன் சான் மடேயோ கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஜீன் வர்த் என்ற ஆசிரியை. 1960களின் நடுவில் அந்தக் கல்லூரியில் கறுப்பின, ஏழை மாணவர்கள் பாதியில் படிப்பை விடாமலிருக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். வர்த் அதில் முன்னணியில் இருந்தார். முன்னால் படித்த மாணவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பது, பணச் சிக்கலைத் தீர்ப்பது, வந்துபோக வழி செய்வது என்று போனது அந்தத் திட்டம். 1968-இல் அமெரிக்க உயர்கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது, வாய்ப்பு மறுக்கப்பட்ட மாணவர்களுக்கான சிறப்புப் பணிகளுக்கு மத்திய அரசு நிதி ஒதுக்கியது. அந்த நிதியில் ஊனமுற்ற மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. அதைக்கொண்டுதான் 1970-இல் பெர்க்லியில் 'உடல் ஊனமுற்ற மாணவர் திட்டம்' தொடங்கப்பட்டது. ஊனமுற்ற மாணவர்களே நடத்திய திட்டம். உதவியாளர் தேடிக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலி பழுது பார்த்தார்கள். பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் பிடித்தார்கள். படிக்கட்டில்லாத வாடகை வீடு எங்கே இருக்கிறது என்று பட்டியல் வைத்தார்கள். இன்று உலகத்தின் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிற ஊனமுற்ற மாணவர் உதவி மையங்களுக்கு இது ஒரு மூத்த முன்மாதிரி.

அதாவது, கறுப்பு மாணவனைக் கல்லூரியில் தக்கவைக்கக் கண்டுபிடித்த வழியில்தான் ஊனமுற்ற மாணவனும் உள்ளே வந்தான். வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே போனவன் அங்கே இருந்து படிக்க என்னென்ன வேண்டுமோ அதையும் செய்யணும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. சிறுவன் அம்பேத்கர் பள்ளிக்கூடத்துக்குள் சேர்க்கப்பட்டுத்தான் இருந்தார். ஆனால் உட்கார வீட்டிலிருந்து சாக்குத்துணி கொண்டுபோக வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் பியூன் வந்து ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தாகம்தான். சேர்க்கை இருந்தது, ஏற்பாடு இல்லை. அதை உடம்பால் அனுபவித்தவர் என்பதால்தான் 1925-இல் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபையின் மூலம் சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கினார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது 1942-இல் கொடுத்த கோரிக்கை மனுவில் உயர்கல்விக்குப் பணம் கேட்டு வாதாடினார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கான உதவித்தொகை 1944-இல் தொடங்கியதற்கு அந்த வாதம் காரணம். விடுதியும் உதவித்தொகையும் நம்முடைய சாய்தளங்கள்.

அந்த நான்கு வாரங்கள்

1973-இல் அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதன் 504-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த அமைப்பும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்றது. நிறவெறிக்கு எதிரான 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் வாசகத்தை அப்படியே பின்பற்றி எழுதின பிரிவு அது. ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகமும் மத்திய அரசுப் பணம் வாங்குவதுதான். ஆகவே பல்கலைக்கழகங்கள் பயந்தன, செலவாகும் என்றன. சட்டத்தைச் செயல்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு மூன்றரை வருடம் இழுத்தடித்தது.

1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் ஊனமுற்றோர் அரசு அலுவலகங்களுக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் சீக்கிரம் முடிந்துபோனது. சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நகரவில்லை. ஜூடி ஹ்யூமன், கிட்டி கோன் போன்ற பெண்கள் தலைமையில் நின்றார்கள். ராத்திரி புரண்டு படுக்கவே இன்னொருவர் உதவி தேவைப்படுகிறவர்கள், மருந்து இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறவர்கள் அலுவலகத் தரையில் படுத்தார்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாத தோழர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். அதிகாரிகள் நினைத்தது ஒன்றுதான்: பசி வந்தால் தானாகப் போய்விடுவார்கள்.

பசி வரவில்லை. ஓக்லாந்திலிருந்து கருஞ்சிறுத்தைக் கட்சியினர் தினமும் சூடாகச் சமைத்த சாப்பாடு கொண்டுவந்தார்கள். வாசலில் தடுத்தபோதும் மல்லுக்கு நின்று உள்ளே கொண்டுபோனார்கள் என்று அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1969-இலிருந்தே ஓக்லாந்தில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு போட்ட கட்சி அது. கூட்டத்துக்குச் சமைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை.

அவர்கள் ஏன் வந்தார்கள்? உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பிராட் லோமாக்ஸ். கருஞ்சிறுத்தைக் கட்சி உறுப்பினர். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். அவருக்கு உதவியாளராகக் கூடவே இருந்த சக் ஜாக்சனும் சிறுத்தைதான். ஜாக்சன் லோமாக்ஸுக்கு மட்டும் உதவவில்லை. அங்கே இருந்த மற்றவர்களுக்கும் உதவினார். லோமாக்ஸ் ஏற்கெனவே கிழக்கு ஓக்லாந்தின் கறுப்பர் பகுதியில் ஊனமுற்றோருக்கான மையம் ஒன்றைத் தொடங்கப் பாடுபட்டவர். கட்சியையும் ஊனமுற்றோர் இயக்கத்தையும் சேர்த்துக் கட்டின ஆள் அவர். போராட்டக் குழு வாஷிங்டன் போனபோது லோமாக்ஸ், ஜாக்சன் இருவரின் பயணச் செலவைக் கட்சி ஏற்றது. தேவாலயமும் தொழிற்சங்கங்களும் தற்பாலினர் இயக்கமும்கூடத் துணை நின்றன.

ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் அமெரிக்கக் கல்லூரிகளில் கூடுதல் தேர்வு நேரம், சைகை மொழிபெயர்ப்பாளர், ஒலிவடிவப் பாடநூல் எல்லாம் கேட்டுப் பெறும் உரிமை ஆயின.

வெற்றிக் கதையோடு நிறுத்த முடியாது. அந்த இயக்கத்தின் வரலாறு எழுதப்பட்டபோது முன்வரிசையில் நின்ற வெள்ளையர் பெயர்கள் நிலைத்தன. லோமாக்ஸ் 1984-இல், 33 வயதில் இறந்தார். அவருக்கு நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இரங்கல் கட்டுரை வெளியிட்டது 2020-இல். முப்பத்தாறு வருடம்! சோறு கொண்டுவந்தவனும் சுமந்தவனும் அடிக்குறிப்புக்குப் போவது எல்லா நாட்டு வரலாற்றிலும் நடக்கிறது.

அந்தச் சிறுத்தையின் பெயரைத்தான் 1972-இல் பம்பாயில் நம் ஆட்கள் எடுத்துக்கொண்டு 'தலித் பாந்தர்' ஆனார்கள். தமிழ்நாட்டிலும் அந்தப் பெயர் வேர்பிடித்தது. பெயரை எடுத்துக்கொண்ட நாம் இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே என்ன நடந்தது

இந்தியாவில் ஊனமுற்றோர் சட்டம் 1995 டிசம்பரில் நிறைவேறி 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசு, அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் 3 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் என்றது. பார்வையற்ற, பார்வை குறைந்த மாணவருக்கு, சொல்வதை எழுதும் ஆளைக் கல்வி நிலையமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதன் 31-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தது அந்தச் சட்டம் வந்து ஏறக்குறைய பதினைந்து வருடம் கழித்து. என்னோடு படித்த ஒருவனுக்குக் கண்பார்வை கிடையாது. காலனிக்காரன். விடுதியில் என் பாய்க்கு அடுத்த பாய் அவனுடையது. எம்.ஏ. பாடத்துக்குப் பிரெயில் புத்தகம் ஒன்றுகூடக் கல்லூரியில் கிடையாது. நாங்கள் வாசிப்போம், அவன் செல்போனில் பதிவு செய்துகொள்வான். சேனாவரையர் உரையை வாசிக்கும்போது, "மச்சான், அந்த வரிய இன்னொருக்கா படி" என்பான். மூன்றாவது தடவை வாசிக்கும்போது எனக்கே புரிந்துவிடும். அவன் வகுப்பில் எங்களுக்கு மேலேதான் இருந்தான்.

தேர்வு வந்தால் கதை வேறு. எழுதுகிறவன் அதே பாடம் படித்தவனாக இருக்கக் கூடாது, குறைந்த படிப்பாக இருக்கணும் என்றார்கள். திருட்டுத்தனம் நடக்காமலிருக்கவாம். சரி, அந்த ஆளை யார் கொண்டுவருவது? சட்டப்படி கல்லூரி. நடப்பில் அவன். பிளஸ் டூ படிக்கிற சித்தி மகனைக் கூட்டிவந்தான். பஸ் காசும் சாப்பாடும் இவன் செலவு. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு 'புறப்பொருள் வெண்பாமாலை' என்று எழுதத் தெரியவில்லை. "வல்லின ற போடு... அடுத்து இடையின ரு... பெரிய ள்... இப்ப மூணு சுழி ண்..." இப்படி எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான் என் நண்பன். மூன்று மணி நேரத்தில் பாதி எழுத்துக் கூட்டவே போனது. கூடுதல் நேரம் கேட்டபோது அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்: "சாதிச் சான்றிதழ் ஒண்ணு, ஊனச் சான்றிதழ் ஒண்ணு. ரெண்டு சலுகை வச்சிருக்க, இன்னும் என்னப்பா வேணும்?"

இரண்டு சான்றிதழுக்கும் இரண்டு வரிசையில் தனித்தனியாக நின்றவன் அவன். அவனுக்கு இரண்டு சலுகை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு தடை இருந்தது தெரியும். இரண்டு வருடப் படிப்பை முடிக்க அவனுக்கு மூன்று வருடம் ஆனது.

2013-இல் மத்திய அரசு தேர்வு நெறிமுறைகளை வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் என்பது அதில் வந்தது. 2016-இல் புதிய சட்டம் வந்து 2017 ஏப்ரலில் நடைமுறை ஆனது. ஏழு வகை ஊனம் இருபத்தொன்றாக ஆனது. உயர்கல்வியில் இடம் 5 விழுக்காடாக ஆனது. அதில் நமக்கு மிக முக்கியமானது ஒன்று. ஒருவருடைய தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டை மறுத்தால் அதுவும் பாகுபாடுதான் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு பூட்டையும் உடைத்தது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவர், 40 விழுக்காடு ஊனம் இல்லை என்று எழுத்தர் மறுக்கப்பட்டு வழக்குப் போட்டார். 40 விழுக்காடு இருந்தால்தான் ஆள் தருவோம் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பானது. 'சலுகை' என்று இனியும் ஒருவர் சொன்னால் சட்டப்படியே அது தப்பு.

நம் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் ஊனமுற்றோர் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் மட்டும் எடுத்தால் 2.45. இந்த வித்தியாசம் ரத்தத்தில் வந்தது இல்லை. கல்குவாரியில் கண்ணை இழப்பவர் யார், தோல் பதனிடும் ரசாயனத்தில் நிற்பவர் யார், பிரசவத்துக்கு நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேராதவர் யார், சாதிக் கலவரத்தில் கை வெட்டப்படுகிறவர் யார் என்று கேட்டால் போதும். சாதி ஊனத்தை உற்பத்தி செய்கிறது. பிறகு அந்த ஊனத்தைப் போன ஜென்மத்துக் கர்மவினை என்கிறது. நம் பிறப்புக்கும் அதே கர்மவினையைத்தான் காரணம் சொல்லி வைத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நம் மாணவர் அமைப்புகளின் கோரிக்கைத் துண்டறிக்கைகளில் ஊனமுற்ற தலித் மாணவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஊனமுற்றோர் அமைப்புகளின் மேடைகளிலோ சாதி பேச்சே வராது. எல்லாரும் ஒரே குடும்பம் என்பார்கள். இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் அவனை எடுத்துக்கொள்கிறார்கள். பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவருக்கு நடந்த வன்கொடுமை வழக்கில், சாதி, பால், ஊனம் மூன்றும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பதை 2021-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துப் பேசியது. நீதிமன்றம் பேசின பிறகும் இயக்கம் பேசாமலிருப்பது சரியில்லை.

செய்ய வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் தரைத்தளத்தில் அறையும் சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறையும் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்து எழுத வேண்டும். கல்லூரியில் எழுத்தர் பட்டியல் யாரிடம் இருக்கிறது, அவர்களுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். மொழிப் பாடத் தேர்வுக்கு அந்த மொழியைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த எழுத்தர் வேண்டும் என்பதைத் தனிக் கோரிக்கையாக வைக்க வேண்டும். பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து பொதுவில் வைக்கிற வேலையை நம் விடுதி மாணவர்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். நம் கூட்டங்களை மாடியில் வைப்பதையும் நிறுத்தலாம்.

இவற்றைச் செய்து பார்த்த தோழர்கள், செய்யும்போது அலுவலகத்தில் என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து இந்த இதழுக்கு எழுதுங்கள். பார்வையில்லாத தோழர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.